லூசியானாவின் ரிவர் ரோடு மாளிகைகள்: பார்த்து, சாப்பிட்டு, சிரமமில்லாமல் திரும்ப

நியூ ஆர்லியன்ஸ் போகும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் இருக்கும். மிசிசிப்பிக் கரையில் நிற்கும் பழைய மாளிகைகளில் ஒன்றையாவது பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு கை பார்க்க வேண்டும். இரண்டிலும் தடுக்கி விழ இடம் நிறைய. செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. ஊபரில் போய் இறங்கி, திரும்பி வர வண்டி கிடைக்காமல் வெயிலில் நிற்கிறவர்கள் உண்டு. கீரை என்று வாங்கிய கிண்ணத்தில் பன்றி எலும்பைக் கண்டு தள்ளி வைக்கும் பெற்றோர்களும் உண்டு. கொஞ்சம் திட்டமிட்டால் எல்லாமே தவிர்க்கக்கூடியவை. ஹூஸ்டன், டாலஸ், அட்லாண்டாவிலிருந்து காரில் வருகிறவர்களையும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

1. எந்த வீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நியூ ஆர்லியன்ஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் இடையில் ஆற்றின் இரு கரையிலும் ஓடும் சாலைக்கு ரிவர் ரோடு என்று பெயர். அதன் ஓரத்தில் நிற்கும் மாளிகைகள் பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களின் வீடுகள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில் எழுந்தவை. படத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் ஒவ்வொன்றும் சொல்வது வேறு.

விட்னி: 2014 டிசம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. முதலாளியின் வீட்டை விட, அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்க்கையைச் சொல்வதற்காகவே அமைந்த அருங்காட்சியகம். லூசியானாவில் அடிமைகளாக இருந்தவர்களில் பதிவுகளிலிருந்து மீட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாரா: 1805-ல் கட்டிய கிரியோல் (பிரெஞ்சுக் காலத்திலிருந்தே லூசியானாவில் வேரூன்றியவர்களின்) பாணி வீடு. வெள்ளைத் தூண்கள் கிடையாது. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று வண்ணம் பூசிய மர வீடு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டியது. நான்கு தலைமுறைக் குடும்பக் கதையையும் அடிமைகளின் கதையையும் சேர்த்தே சொல்வார்கள். பேச்சைக் கேட்டு ரசிக்கிறவர்களுக்கு ஏற்ற இடம்.

ஓக் ஆலி: எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் வீடு. இரு வரிசையில் 28 ஓக் மரங்கள், அவற்றின் முடிவில் 1839-ல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை. மரங்கள் வீட்டை விட மூத்தவை. படம் எடுக்க இதுவே. கூட்டமும் இங்கேதான் அதிகம்.

டெஸ்ட்ரெஹான்: 1787-ல் கட்டத் தொடங்கியது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள். முதியவர்களால் நீண்ட பயணம் முடியாது என்றாலோ, மாலை விமானத்துக்கு முன் அரை நாள் மட்டும் கையில் இருந்தாலோ இதை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியல்களில் நாட்டோவே என்ற மாளிகை முதல் வரிசையில் இருக்கும். 2025 மே மாதத் தீ விபத்தில் அது அழிந்துவிட்டது. பட்டியலை நம்பி அறை பதிவு செய்யப் போகாதீர்கள்.

ஒரு நாளுக்கு இரண்டு வீடு போதும். மூன்றாவது வீட்டில் காது கேட்கும், மனம் வாங்காது. விட்னியும் லாராவும் சேர்ந்தால் நல்ல ஜோடி. படம் கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் விட்னியையும் ஓக் ஆலியையும் சேர்க்கலாம். எந்த ஜோடியானாலும் விட்னியைக் காலையிலேயே பாருங்கள். அங்கே கேட்டவற்றை மனதில் வைத்துக்கொண்டு போனால், அடுத்த வீட்டின் தூணையும் மாடத்தையும் பார்க்கும் கண் மாறியிருக்கும். வரிசை தலைகீழானால் அழகு மட்டும் மனதில் தங்கி, அதற்குப் பின்னால் இருந்த மனிதர்கள் விடுபட்டுப் போவார்கள்.

2. மாதமும் கிழமையும்

மார்ச் முதல் மே நடு வரை சிறந்த காலம். வெயில் தாங்கும், கிராஃபிஷ் (இறால்போன்ற நன்னீர் உயிரி, அந்த ஊரின் விருப்ப உணவு) உச்சத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரும் நல்லதே. ஆனால் அது கரும்பு வெட்டும் காலம். கரும்பு லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு மெதுவாகப் போகும், பயண நேரத்தில் கூடுதலாக 20 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், அதில் ஆகஸ்ட், செப்டம்பர் மோசம். அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள். ஜூலை வெயிலைச் சென்னை வெயிலோடு ஒப்பிட்டுத் துணிந்துவிட வேண்டாம். ஈரப்பதம் சென்னையைப் போலத்தான், ஆனால் விட்னியில் நீங்கள் நடப்பது பெரும்பாலும் திறந்தவெளி, நிழல் குறைவு.

மார்டி கிரா என்ற ஊர்வலத் திருவிழாச் சமயத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறும், ஊர்வலப் பாதைகளில் கார் எடுக்கவே முடியாது. தேதி ஆண்டுதோறும் மாறும். 2027-ல் பிப்ரவரி 9. மாளிகைகளும் அன்று மூடியிருக்கும். நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களுக்கும் இதே கதைதான்.

கிழமையில் கவனிக்க வேண்டியது ஒன்று: விட்னிக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓக் ஆலிக்கு அந்த விடுமுறை இல்லை என்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள். நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். புறப்படும் முந்தைய நாள் இரவு அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வரைபடச் செயலியில் காட்டும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

3. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

மாளிகைக்குள் நுழைய அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். ஆவணங்கள் தேவைப்படுவது வழியில்.

உள்நாட்டு விமானத்தில் வந்தால், 2025 மே 7 முதல் ரியல் ஐடி முத்திரை உள்ள ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட் வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே போதும், ஆனால் அசல் வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் செல்லாது. பாஸ்போர்ட்டுடன் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சுப் பிரதியும் பையில் இருக்கட்டும். குடியுரிமை இல்லாத பெரியவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு உள்ளவர்கள் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுக்க ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டை மறுக்கும் இடங்கள் உண்டு, ஏற்றாலும் பெரிய தொகையை முடக்கி வைப்பார்கள். இந்திய உரிமத்தில் ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கி வருவது நல்லது. 25 வயதுக்குக் கீழே இருந்தால் நாள் வாடகையோடு தனிக் கட்டணம் சேரும்.

சேர்க்காமல் விடக்கூடாத இன்னொன்று, பெற்றோருக்கான பயணக் காப்பீட்டு அட்டை. வெயிலில் மயக்கம் வந்து ஒருமுறை அவசரப் பிரிவுக்குப் போனாலே பில் ஆயிரக்கணக்கான டாலராகிவிடும்.

4. போகும் வழி

பொதுப் பேருந்து இல்லை. ரயிலும் இல்லை. மிஞ்சுவது இரண்டு வழி.

சுற்றுலாப் பேருந்து: ஹோட்டல் அருகில் ஏற்றிக்கொண்டு ஒரு வீட்டைக் காட்டித் திரும்பும் அரைநாள் பயணம் ஐந்தரை மணி நேரம் ஆகும். நுழைவுச்சீட்டோடு சேர்த்து ஆளுக்குச் சுமார் 70 முதல் 100 டாலர். தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு இதுவே லாபம். பதிவு செய்யும்போது நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்று கேளுங்கள். சில மலிவுப் பயணங்களில் சேர்ந்திருக்காது.

கார்: நான்கு பேர் என்றால் காரே மலிவு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஐ-10 மேற்கே பிடித்து, எக்ஸிட் 194-ல் இறங்கி, தெற்கே கிராமர்சி பாலத்தில் ஆற்றைக் கடந்தால் லூசியானா 18 என்ற சாலை வரும். விட்னி, லாரா, ஓக் ஆலி மூன்றும் அதன் மேல்தான். மொத்தம் ஒரு மணி நேரம். லாராவுக்கும் ஓக் ஆலிக்கும் இடையில் காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. விட்னியிலிருந்து லாராவுக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் டோல் இல்லை, ஆகவே வாடகைக் கார்க் கவுண்டரில் விற்கும் டோல் கருவியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஊபர் போகும். திரும்பத்தான் வராது. அங்கே காத்திருக்கும் ஓட்டுநர்கள் கிடையாது, சில இடங்களில் சிக்னலும் மெலிது. வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வையுங்கள்.

இன்னொரு பொறி, ஆற்றின் இரு கரைக்கும் ரிவர் ரோடு என்றே பெயர் இருப்பது. தேடும்போது சாலைப் பெயரைப் போடாமல் மாளிகையின் முழுப் பெயரைப் போடுங்கள். தவறான கரையில் இறங்கினால் அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஆறு கண்ணில் படவே இல்லையே என்று குழம்பவும் வேண்டாம். வெள்ளத் தடுப்புக் கரை உயரமாக மறைத்து நிற்கும். வண்டியை ஓரமாக நிறுத்திப் புல்கரையில் ஏறினால்தான் மிசிசிப்பி தெரியும். இந்தத் தோட்டங்கள் ஏன் இங்கே எழுந்தன என்பது அந்த ஒரு பார்வையில் விளங்கிவிடும்: சர்க்கரை ஏற்றிய படகுகள் வீட்டு வாசலிலேயே நின்றன.

ஹூஸ்டனிலிருந்து வருகிறவர்களுக்கு: 350 மைல், நிற்காமல் ஓட்டினால் ஆறு மணி நேரத்துக்குள். எக்ஸிட் 194 நியூ ஆர்லியன்ஸுக்கு முன்பே வருகிறது. எனவே தனி நாள் ஒதுக்காமல் திரும்பும் நாளன்று மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே மேற்கே போகலாம். ஆனால் பேட்டன் ரூஜ் பாலத்தை மாலை 4-லிருந்து 6 மணிக்குள் கடக்காதீர்கள், ஐ-10 அங்கே குறுகுவதால் ஒரு மணி நேரம்கூட நிற்க நேரும். அதைத் தாண்டியதும் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம். வேக வரம்பு 60, கண்காணிப்பு கடுமை. விபத்து நடந்தால் திரும்ப வழியில்லை. பாலத்துக்கு முன்பே பெட்ரோலும் கழிப்பறையும் முடித்துக்கொள்ளுங்கள்.

5. நுழைவுச்சீட்டும் நாளின் ஓட்டமும்

வீட்டுக்கு வீடு மாறினாலும், பெரியவருக்கு 25 முதல் 35 டாலர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. பிள்ளைகளுக்குக் குறைவு, முதியவர்களுக்குச் சலுகை இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். வார இறுதியிலும் வசந்த விடுமுறையிலும் முன்பதிவு கட்டாயம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். விட்னியில் ஒலிக்கருவியோடு நீங்களே சுற்றுவதற்கு ஒரு விலை, வழிகாட்டியோடு போக அதைவிடக் கூடுதல் விலை. ஆங்கிலம் வேகமாகக் கேட்டுப் பழகாத பெற்றோருக்கு ஒலிக்கருவியே நல்லது, நிறுத்தி நிறுத்தி நீங்கள் தமிழில் சொல்ல முடியும். லாராவில் வழிகாட்டியோடு மட்டுமே வீட்டுக்குள் போகலாம். அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம்.

நேரம் இப்படி ஓடினால் அவசரம் இருக்காது:

காலை 8.30 மணிக்கு நியூ ஆர்லியன்ஸிலிருந்து புறப்பாடு. 10 மணிக்கு விட்னி, இரண்டு மணி நேரம். 12.15-க்கு மதியச் சாப்பாடு. 2 மணிக்கு லாரா அல்லது ஓக் ஆலி. 4 மணிக்குத் திரும்பினால் இருட்டுமுன் அறைக்கு வந்துவிடலாம்.

பிற்பகல் 3 மணிக்கு மேல் இரண்டாவது வீட்டுக்குப் போய்ச் சேருவது வீண். மூடும் நேரம் 5 என்று போட்டிருந்தாலும் கடைசிச் சுற்று அதற்கு வெகு முன்பே கிளம்பிவிடும்.

6. வளாகத்துக்குள்

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். ஓக் மரத்தடிப் புல்லில் நெருப்பெறும்பு உண்டு. படத்துக்காகக் கீழே உட்காரும்முன் இடத்தைப் பாருங்கள். கொசு மருந்து, தொப்பி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். கால்வாய் ஓரம் பிள்ளைகளை விடாதீர்கள், லூசியானாவில் தேங்கிய தண்ணீர் எல்லாமே முதலை இருக்கக்கூடிய இடம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்காக: பழைய வீடுகளில் மாடிக்கு லிஃப்ட்டை எதிர்பார்க்காதீர்கள், படிகள் செங்குத்து. தரைத் தளத்தை மட்டும் பார்க்க வசதி, சக்கர நாற்காலி, வளாகத்துக்குள் வண்டி ஆகியவை உண்டா என்று இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அன்று வாசலில் நின்று கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டம்.

பிள்ளைகளுடன் விட்னிக்குப் போகும்போது முந்தைய இரவே பேசிவிடுங்கள். 1811-ல் இந்த ஆற்றின் எதிர்க்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிடிபட்டவர்களைக் கொன்று தலைகளைக் கம்பங்களில் நட்டார்கள். அதை நினைவுகூரும் சிற்பத் தொகுதி அங்கே இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதைக் காட்டுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இறந்துபோன குழந்தைகளுக்கான நினைவிடமும் உண்டு. அங்கே குரலைத் தாழ்த்துங்கள்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளை அறிந்தவர்களுக்கு இங்குள்ள வரிசைக் குடில்களைக் கண்டதும் ஏதோ பழகிய இடம்போலத் தோன்றும். அமைப்பில் ஒற்றுமை உண்டு. இங்கே வாழ்ந்தவர்களை விற்கவும் வாங்கவும் முடிந்தது என்பதை மறக்க வேண்டாம். விடுதலைக்குப் பிறகும் கரும்பு வேலை செய்த குடும்பங்கள் இத்தகைய குடில்களில் 1970கள் வரை வாழ்ந்தன. குடில் வாசலில் சிரித்தபடி ஜோடிப் படம் எடுப்பதும், ரீல்ஸுக்கு ஆடுவதும் அந்த மக்களின் வழித்தோன்றல்கள் முன்னால் நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வழிகாட்டிகளிலும் பார்வையாளர்களிலும் அவர்கள் இருப்பார்கள். பட்டுப் புடவையில் ஓக் மர வரிசையின் நடுவே படம் எடுப்பதில் தவறில்லை, அதற்கு ஓக் ஆலியில் இடம் இருக்கிறது. வீட்டுக்குள் படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: இந்தச் செங்கல்லைச் சுட்டவர், மரத்தை இழைத்தவர் பெயர் தெரியுமா? ஓக் ஆலியில் இப்படி ஒரு பெயர் நிலைத்திருக்கிறது. அந்த்வான் என்ற அடிமைத் தோட்டக்காரர் 1840களில் பீக்கன் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக் கட்டுவதில் வெற்றி கண்டார். மெல்லிய ஓடுள்ள பீக்கன் ரகங்களை வணிகமாக வளர்ப்பதற்கு அது வழி திறந்தது. மாலையில் நீங்கள் கடிக்கப்போகும் பிரலீன் மிட்டாயில் இருப்பது பீக்கன்தான்.

7. சாப்பாடு: என்ன கேட்பது, எதைத் தவிர்ப்பது

லூசியானாச் சமையலின் அடிப்படை சோறு. அதனால் நம்மவர்களுக்கு வயிறு ஒத்துக்கொள்ளும். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கித் தொடங்குவார்கள், நாம் வெங்காயம் தக்காளி வதக்குவதுபோல.

கம்போ: மாவைக் கொழுப்பில் கரும்பழுப்பு வரும்வரை கிளறி, அதில் கோழியோ இறாலோ ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியோ சேர்த்துக் கொதிக்கவிட்டு, சோற்றின் மேல் ஊற்றித் தரும் குழம்பு. கம்போ என்ற சொல்லே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெண்டைக்காய் போட்டதா, ஃபிலே பொடி (சசாஃப்ரஸ் மர இலைப் பொடி) போட்டதா என்று கேட்டு வாங்கலாம். முதல் தடவை என்றால் கப் அளவு வாங்குங்கள். கிண்ணம் பெரிது.

ஜம்பலாயா: அரிசியை இறைச்சியோடு ஒரே பானையில் வேகவைப்பது. பிரியாணியை எதிர்பார்க்காதீர்கள், குழைவாக இருக்கும். நகரத்தில் தக்காளி சேர்த்துச் சிவப்பாகவும், நாட்டுப்புறப் பக்கம் தக்காளியில்லாமல் பழுப்பாகவும் செய்வார்கள். பழுப்பு நிறத்துக்கே என் ஓட்டு.

கிராஃபிஷ்: சீசன் ஏறக்குறைய ஜனவரி முதல் ஜூன் வரை, உச்சம் மார்ச்சிலிருந்து மே. எடைக்கு விற்பார்கள், பவுண்டு விலை நாளுக்கு நாள் மாறும். பட்டியலில் சந்தை விலை என்று மட்டும் போட்டிருந்தால் கேட்காமல் ஆர்டர் சொல்லாதீர்கள். ஆளுக்கு மூன்று பவுண்டில் தொடங்குங்கள், அதில் பெரும்பகுதி ஓடுதான். தலையையும் வாலையும் பிடித்துத் திருகிப் பிரித்து, வாலின் முதல் வளையத்தை உரித்துவிட்டு, அடியை அழுத்தி இழுத்தால் சதை முழுதாக வரும். காரம் கையில் ஒட்டியிருக்கும், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். கூடவே வரும் உருளைக்கிழங்கும் சோளமும் அதே தண்ணீரில் வெந்தவை, சைவர்களுக்கு ஆகாது.

போ-பாய்: பிரெஞ்சு ரொட்டியில் பொரித்த இறால், சிப்பி, கெளுத்தி வைத்துத் தருவது. டிரெஸ்டு என்று சொன்னால் முட்டைக்கோஸோ லெட்யூஸோ, தக்காளி, ஊறுகாய், மயோனேஸ் சேர்ந்து வரும். பாதி அளவு கிடைக்கும், அதுவே ஒருவருக்குப் போதும்.

பச்சைச் சிப்பியை நீரிழிவு, கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. விப்ரியோ கிருமி அவர்களுக்கு உயிராபத்து. தீயில் வாட்டியது அல்லது நன்கு பொரித்தது மட்டும். ஓடுள்ள கடலுணவு ஒவ்வாமை உள்ளவர் குழுவில் இருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லுங்கள். ஒரே எண்ணெய், ஒரே கரண்டி எங்கும் சகஜம்.

இனிப்பில் பெனியே என்ற, சதுரமாக வெட்டிப் பொரித்த மாவுப் பண்டமும் சிக்கரி கலந்த பால் காபியும் எல்லோருக்கும் தெரியும். கும்பகோணம் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிக்கரி மணம் வீட்டை நினைவூட்டும். பெனியேயை வாயருகில் வைத்து மூச்சு விடாதீர்கள், மேலே குவித்த சர்க்கரைப் பொடி முழுக்கச் சட்டையில் இறங்கும். அதைவிட நான் தேடச் சொல்வது கலாஸ். வேகவைத்த சோற்றை மாவோடு புளிக்கவைத்து எண்ணெயில் பொரிக்கும் உருண்டை. கறுப்பினப் பெண்கள் கூடையில் சுமந்து நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் கூவி விற்ற பண்டம் அது. மிகச் சில கடைகளில்தான் கிடைக்கும். கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு. இதைத் தனியாகப் படித்துவிட்டுப் போங்கள். வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னால் போதாது. கோழிச் சாறும் பன்றிக் கொழுப்பும் அங்கே இறைச்சிக் கணக்கில் வருவதில்லை, ருசிக் கணக்கில் வருகின்றன. பரிமாறுபவர் பொய் சொல்வதில்லை, அவருக்கு அது தோன்றுவதில்லை. மூன்று கேள்வியாகப் பிரித்துக் கேளுங்கள்: கொதிக்கவைத்த தண்ணீர் வெறும் தண்ணீரா, எலும்புச் சாறா? வதக்கியது எண்ணெயிலா, பன்றிக் கொழுப்பிலா? பொரித்த எண்ணெயில் இறாலும் மீனும் பொரிக்கிறீர்களா?

அடிக்கடி ஏமாற்றுபவை இவை. சிவப்பு பீன்ஸ் சோறு: நம்ம ராஜ்மாபோல இருக்கும், உள்ளே பன்றித் துண்டு. காலர்ட் கீரை: பன்றிக் கணுக்காலோடு வெந்தது. பச்சைக் கம்போ: கீரைக் குழம்புதான், இறைச்சியும் சேரும். உருளை வறுவல் போ-பாய்: மேலே ஊற்றுவது மாட்டிறைச்சிக் குழம்பு. சோளக்கறி: பேக்கன். வொர்செஸ்டர்ஷைர் சாஸ்: நெத்திலி. பன்றி வேண்டாத முஸ்லிம் அன்பர்களுக்கும் இதே பட்டியல் உதவும். வறுத்த மீனும் இறாலும் கேட்கும்போது எண்ணெயைப் பற்றிய கேள்வியை விடாதீர்கள்.

ஓரளவு பாதுகாப்பாகக் கேட்கக்கூடியவை: வெண்ணெய் போட்ட கிரிட்ஸ் (சோள ரவைக் கஞ்சி, தண்ணீரில் வெந்ததா என்று கேட்டு), மக்ரோனி சீஸ், சர்க்கரைவள்ளி, பிரெட் புட்டிங், பெனியே. இதில் வயிறு நிறையாத நாளுக்காக நகரத்தில் முழுச் சைவக் கிரியோல் உணவகங்கள் இருக்கின்றன, மாலையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். மாளிகைப் பக்கம் மதியத்துக்குத் தேர்வு மிகக் குறைவு. புளிச்சோறோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய் வாகன நிறுத்தத்தில் சாப்பிடுவதில் கூச்சம் வேண்டாம்.

குடிப்பதிலும் இரண்டு பொறி. டீ என்றால் ஐஸ் போட்டுத்தான் வரும், சூடாக வேண்டுமென்றால் சொல்ல வேண்டும். வண்ணப் பழச்சாறுபோலத் தெரியும் உறைந்த டாக்கிரியிலும் புதினா இலை போட்ட ஜூலெப்பிலும் மது உண்டு. அப்பாவின் கையில் எலுமிச்சைச் சாறு என்று கொடுத்துவிடாதீர்கள்.

மாலை உணவுக்குப் பேர்பெற்ற பழைய உணவகங்களுக்குப் போவதாக இருந்தால் வாரக்கணக்கில் முன்பதிவு செய்யுங்கள். கமாண்டர்ஸ் பேலஸில் அரைக்கால் சட்டைக்கு இடமில்லை. கலாட்வார்ஸில் மாலை 5-க்கு மேல் ஆண்களுக்குக் கோட் வேண்டும். கறுப்பினக் கிரியோல் சமையலை அதன் வீட்டிலேயே ருசிக்க ட்ரெமே பகுதியில் 1941-லிருந்து நடக்கும் டூக்கி சேஸ் இருக்கிறது. காலையில் விட்னியைப் பார்த்த நாளின் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மேசையை நான் சொல்ல மாட்டேன்.

8. செலவுக் கணக்கு

நான்கு பெரியவர்கள், இரண்டு வீடு, வாடகைக் கார்: நுழைவுச்சீட்டு சுமார் 240 டாலர், கார் ஒரு நாளுக்கு 60 முதல் 100, பெட்ரோல் 20. மதியச் சாப்பாடு பட்டியல் விலையில் 80 டாலர் என்றால் வரி கிட்டத்தட்ட 8, டிப்ஸ் 20 சதவீதம் 16, ஆக 104. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிடுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் பில்லிலேயே சேர்த்துவிடும் கடைகள் உண்டு. அந்த வரியைப் பார்க்காமல் இரண்டு முறை கொடுத்துவிடுகிறவர்கள் அதிகம். பேருந்து வழிகாட்டிக்கு ஆளுக்கு ஐந்து டாலர் ரொக்கமாக வைத்திருங்கள்.

கணக்கில் விடுபடுவது ஹோட்டல் வாகனக் கட்டணம். பிரெஞ்சுக் குவார்ட்டரில் ஓர் இரவுக்கு 40, 50 டாலர்கூட ஆகும். கார் ஒரு நாளுக்கு மட்டும் தேவை என்றால் அன்று காலை எடுத்து மாலையே விடுங்கள். ஊருக்குள் ஸ்ட்ரீட்கார் 1.25 டாலர், நாள் பாஸ் 3 டாலர். செயின்ட் சார்ல்ஸ் வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தாலே கார்டன் டிஸ்ட்ரிக்ட் மாளிகைகளை ஜன்னல் வழியே பார்க்கலாம். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், கேட்டைத் தாண்டாதீர்கள். நிறுத்திய காரில் எந்தப் பையையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், கண்ணாடி உடைப்பு இந்த ஊரின் பெரிய தொல்லை.

9. வாங்கி வருவது

சிக்கரிக் காபி டின், பிரலீன், ஃபிலே பொடி எல்லாம் கைப்பையில் போகும். பிரலீன் ஒரு வாரத்துக்குள் தீர வேண்டும், அதன்பின் சர்க்கரை பூத்து மணல்போல ஆகும். காரச் சாஸ் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் என்றால் பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, துணிக்கு நடுவே. ஆண்டூயி வாங்க லாப்லாஸ் ஊரில் வண்டியை நிறுத்தலாம், ஐ-10-லேயே திரும்பும் வழியில் இருக்கிறது. ஐஸ் பெட்டி இல்லாமல் ஹூஸ்டன் வரை கொண்டுபோக முயல வேண்டாம்.